டிஸ்க்கைத் திருடியதாக நான் சொன்ன நாள்

சந்தேகம் என் கூடப் பிறந்தது. பால் பாக்கெட்டைக்கூட அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். அப்படிப்பட்ட நான் உத்திரமேரூர் கடைவீதியில் கல்யாண வீடியோ கடை போட்டபோது, நாத்தனாரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டேன். அவள் கேமரா, நான் கம்ப்யூட்டரில் எடிட்டிங்.

ஆயுத பூஜை அன்று எனக்குக் காய்ச்சல். அவளே கடையைக் கழுவி, கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துப் படைத்திருக்கிறாள். படைத்த பிறகு எதையும் தொடக்கூடாது என்பதால் பிளக்கைத் திரும்பச் சொருகவில்லை. மறுநாள் காலை நான் போய்ச் சொருகினேன். கறுப்புத் திரையில் இங்கிலீஷில் நாலு வரி வந்தது. எஃப் ஒன்னா, எஃப் டூவா என்று ஏதோ கேட்டது. படிக்க எனக்கேது பொறுமை? எஃப் டூவைத் தட்டினேன். விண்டோஸ் வருவதுபோல் வந்து, நீலத் திரையில் ஒரு அழுமூஞ்சியைக் காட்டிவிட்டு அணைந்தது. எத்தனை தடவை போட்டாலும் அதேதான்.

உள்ளே சாலவாக்கத்தில் எடுத்த கல்யாணம் ஒன்று இருந்தது. கேமரா கார்டை அடுத்த விசேஷத்துக்காக அழித்தாயிற்று, வேறு பிரதி கிடையாது. மாப்பிள்ளையின் அப்பா வேறு வீடியோ கேட்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

பயப்படுவதற்குள் சந்தேகம் வந்துவிட்டது. நாத்தனார் காஞ்சிபுரம் பக்கத்து ஓரிக்கையில் கடை வாடகை விசாரித்துப் போனில் பேசியது முந்தின வாரம் என் காதில் விழுந்திருந்தது. தனிக்கடை போடப் போகிறாள், வீடியோ இருந்த நல்ல ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு ஏதோ ஓட்டை டிஸ்க்கை மாட்டிவிட்டாள் என்று முடிவே கட்டிவிட்டேன். அவள் உள்ளே கால் வைத்ததும் அந்த மனிதர் எதிரிலேயே கேட்டேன்.

“டிஸ்க்க எங்க வெச்சிக்கீற?”

“இன்னா அண்ணி? எந்த டிஸ்க்கு?”

“ஓரிக்கைல கடை பாக்கறியாமே. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினியா?”

அவள் முகம் வெளுத்துப்போனது. “நம்ம ரெண்டு பேருக்குந்தான் பாத்தேன். முடிவானதும் சொல்லலாம்னு இருந்தேன்” என்றாள். நான் நம்பவில்லை. அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

கம்ப்யூட்டரைக் கோத்துக் கொடுத்த காஞ்சிபுரத்துக்காரருக்குப் போன் போட்டு, பிளக்கைப் பிடுங்கியது, எஃப் டூவைத் தட்டியது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டிஸ்க்கைப் பற்றிக் கேட்கவே இல்லை.

“டெலீட் கீயைத் தட்டிக்கினே ஆன் பண்ணுங்க மேடம். தேதி இன்னா காட்டுது?”

நாங்கள் கடை போடுவதற்கும் பல வருஷம் முந்தைய தேதி.

“மதர்போர்டுல இருக்கற பட்டன் பேட்டரி செத்துப்பூட்ச்சு. பிளக் எப்பவும் சொருகியே இருந்திச்சா, அதான் தெரியல. புடுங்கினதும் போர்டு எல்லாத்தையும் மறந்துட்ச்சு. அந்த எஃப் டூ இன்னா தெரியுமா? கம்பெனி செட்டிங்கையே வெச்சிக்கோன்னு நீங்களே சொல்லிட்டீங்க.”

டிஸ்க்கோடு போர்டு எந்த முறையில் பேசவேண்டும் என்பதும் அந்த செட்டிங்கில் ஒன்றாம். விண்டோஸ் போட்டபோது அவர் ஒரு முறையை வைத்திருந்தார், இப்போது போர்டு பழைய முறைக்குத் திரும்பிவிட்டது. சாட்டா என்ற இடத்தில் ஐடிஇ என்றிருந்ததை ஏஹெச்சிஐ என்று மாற்றி சேவ் செய்யச் சொன்னார். செய்தேன். விண்டோஸ் ஒழுங்காகத் திறந்தது.

அப்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. முகூர்த்தம் முதல் பந்தி வரை ஒவ்வொரு ஃபைலையும் ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் அப்படியே இருந்தன. வெட்கம் பிடுங்கித் தின்றது.

சாயந்திரம் நாத்தனார் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். பேட்டரியைச் சொன்னேன். எஃப் டூவைச் சொல்லவில்லை. “வுடுங்க அண்ணி” என்றாள். மறுநாள் வேலைக்கும் வந்துவிட்டாள். பேச்சு, சிரிப்பு எதிலும் குறையில்லை. ஆனால் அன்று கிளம்பும்போது தன் கைப்பையைத் திறந்து டிபன் பாக்ஸ், கர்ச்சீப், பென் டிரைவ் என்று ஒவ்வொன்றாக எடுத்து என் மேஜைமேல் வைத்தாள்.

“பாத்துக்குங்க அண்ணி.”

ஒரு வருஷமாகத் தினமும் இப்படித்தான். “இதெல்லாம் எதுக்குடி?” என்று நானும் தினமும் திட்டுகிறேன். திட்டுவதற்கு முன்னால் என் கண் ஒருமுறை அந்தப் பைக்குள் போய்வந்துவிடுகிறது. அதை அவளும் பார்க்கிறாள்.