காப்புக் கட்டிய ஊரும் காய்ச்சல் கண்ட எலிகளும்

காலையில் கையுறை மாட்டியதும் என் முதல் வேலை, சுண்டெலியை மல்லாக்கப் போட்டு அது புரண்டு எழுகிறதா என்று பார்ப்பது. ஊரில் எலிக்குப் பொறி வைத்தவள் கிளாஸ்கோவில் எலிக்குக் காய்ச்சல் பார்க்கிறேன், சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். எல்லாம் நாங்களே மலேரியா ஏற்றிய எலிகள். எழாவிட்டால் நோய் மூளைக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். அப்போதே வலியில்லாமல் முடித்துவிட வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது. இதில் கொடுமை, காக்க ஓடிவரும் வெள்ளையணுக்களே மூளையின் நுண்குழாய்களில் குவிந்து கேடு செய்வதுதான். ஒருமுறை மருந்தால் பிழைத்த எலிக்கு மறுமுறை அதே நோயைக் கொடுத்தால் பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. அது எப்படி என்றுதான் தேடுகிறோம்.

நீ இந்தியாவில் வளர்ந்தவள், உனக்கும் அந்தப் பாதுகாப்பு இருக்குமே என்றாள் உடன் வேலை பார்க்கும் மோராக். எங்கள் வெள்ளகோவில் பக்கம் காய்ந்த பூமி, மலேரியா கண்டவர்கள் குறைவு என்றேன். அதிர்ஷ்டசாலிகள் என்று சிரித்தாள். நான் அடுத்த கூண்டைத் திறந்தேன்.

என் தம்பி போர்வெல் வண்டியில் ஒடிசாவுக்குப் போனவன். அங்கே அவனுக்கும் உள்ளூர் ஆட்களுக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல். பழகிய உடம்பு, அவர்கள் எழுந்து வேலைக்கு வந்துவிட்டார்கள். இவன் மாரியம்மன் திருவிழாவான நோம்பிக்கு ஊருக்கு வந்து படுத்தான். காப்புக் கட்டியாகிவிட்டது. கட்டினால், கோயில் முன் நட்ட கம்பத்தைப் பிடுங்கி நோம்பி முடிக்கும்வரை யாரும் வெளியூரில் இராத்தங்கக் கூடாது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அங்கே தங்க வேண்டுமே.

“தலை வெடிக்குதுங்க்கா. கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போயிருங்க்கா,” என்றான்.

“நாளைக்குக் கம்பம் புடுங்கீருவாங்க கண்ணு. ஒரு நாள் பொறுத்துக்கோ.”

சொன்னது நான். படித்தவள் என்று அம்மா என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் விடிந்ததும் புரட்டிப் புரட்டி எழுப்பினோம், எழவில்லை. கார் சிங்காநல்லூரைத் தாண்டும்போது உயிர் போய்விட்டது.

அதன்பிறகு நான் நோம்பிக்குப் போனதில்லை. இந்த வருடம் காப்புக் கட்டியாச்சு என்று அம்மா போனில் சொன்ன வாரம், எடின்பரோவில் இரண்டு நாள் கூட்டத்துக்கு மோராக் கூப்பிட்டாள். வரமுடியாது என்றேன். எலிகளுக்காகவா என்று கேட்டாள், ஆமாம் என்று சொல்லிவைத்தேன். ஒவ்வொரு வருடமும் அந்த நாட்களில் நான் கிளாஸ்கோவுக்கு வெளியே தங்குவதில்லை. தம்பியைக் கொண்டுபோன வழக்கத்தை ஏன் காக்கிறாய் என்று நீங்கள் கேட்கலாம். இன்றைக்கு அதை மீற முடியும் என்றால், அன்றைக்கும் முடிந்திருக்கும்.

மோராக் கிளம்பிப் போன காலையில் முதல் எலியை மல்லாக்கப் போட்டேன். கால்கள் காற்றில் துழாவின. எந்திரி கண்ணு என்றேன். வெள்ளகோவிலில் இன்னும் கம்பம் பிடுங்கவில்லை.