முதல் தாளில் யார் பெயர்

தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோ நகர மையத்து நூலகம் ஒன்றில் எனக்கு வேலை. கனடா தனி நாடாவதற்கு முந்தைய குடியேற்ற நாடாளுமன்றத்தின் பதிவேடுகளை மைக்ரோபிலிமில் ஓட்டிப் பார்த்து, மங்கலான பக்கங்களைக் குறித்துக் கொடுக்க வேண்டும். வாசிக்கச் சொல்லி யாரும் சம்பளம் தரவில்லை. நானாகத்தான் வாசித்தேன்.

சட்டங்களைவிட மனுக்கள்தான் அதில் சுவாரசியம். போரில் காலிழந்தவர் பென்சன் கேட்கிறார். ஓர் ஊர் ஆற்றுக்குப் பாலம் கேட்கிறது. விதவை ஒருத்தி கணவனுக்கு வரவேண்டிய காணியைக் கேட்கிறாள். உறுப்பினர் ஒருவர் மனுவைச் சபைக்குக் கொண்டுவருவார். அது மேசையில் கிடக்கும். இரண்டொரு நாளில் வாசிப்பார்கள். பிறகு ஒரு குழுவிடம் போகும். பல மனுக்கள் அங்கேயே படுத்துவிடும். ஆனாலும் சனங்கள் கேட்டதை ஓர் அரசாங்கம் உட்கார்ந்து வாசித்தது எனக்கு அதிசயமாக இருந்தது.

சிலவற்றை எடுக்காமலும் விட்டிருக்கிறார்கள். கோரிக்கை எழுதிய தாளில் ஒரு கையெழுத்தும் இல்லை, எல்லாம் பின்னால் இணைத்த தாள்களில் என்பது காரணம். வேறெதற்கோ வாங்கிய கையெழுத்துகளைக் கொண்டுவந்து ஒட்டிவிடலாம் அல்லவா? கெட்டிக்காரர்கள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது பார்க்டேல் பகுதி அடுக்குமாடி ஒன்றில் என் எதிர்வீட்டில் ஒரு பெண் தனியாக இருந்தாள். கணவர் கொழும்பில் ஒரு லொட்ஜில். அவரை இங்கே கூப்பிட ஸ்பொன்சர் செய்து நாலாவது வருஷம், ஃபைல் அசையவில்லை. எம்.பி.யின் அலுவலகத்தில், இப்படிக் காத்திருக்கும் குடும்பங்களுக்காக ஒரு மனு கொண்டுவந்தால் சபையில் வைக்கலாம் என்றார்கள். எழுதியது நான். கோயில், தேவாலயம், தமிழ்க் கடை வாசல் என்று கையெழுத்துக்கு அலைந்தது அவள். இரண்டு கிழமையில் ஒரு கட்டுத் தாளோடு வந்தாள். உள்ளே நிறையப் பெயர்கள். கோரிக்கை இருந்த முதல் தாளில் மட்டும் ஒன்றுமில்லை.

“எல்லாரும் உள்ளுக்கைதான் போடுவினமாம், அண்ணை. முதல் பேர் தங்கடை வேண்டாமாம்.”

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. ஊரில் மகஜர் ஒன்றில் முதல் பெயர் யாருடையதோ, அவரைத் தேடித்தான் இராணுவ ஜீப் வரும். அது எனக்கும் தெரியும். அதற்காக இங்கேயுமா?

“உவையளுக்கு விசரே? இஞ்சை ஆர் பிடிச்சுக்கொண்டு போறது? முதல் தாளிலை பேர் இல்லாட்டி எடுக்கமாட்டாங்கள், பிள்ளை!” என்று தொடங்கி, நூலகத்தில் வாசித்ததையெல்லாம் ஒப்புவித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு நாலாவது தாளை உருவி, நடுவில் ஒரு வரியில் விரலை வைத்தாள்.

“இது உங்கடை கையெழுத்துத்தானே, அண்ணை?”

என்னுடையதேதான். கடை வாசலில் அவள் தாள்களை நீட்டியபோது, மேலும் கீழும் ஆள் இருக்கிற இடமாகப் பார்த்துப் போட்டிருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதை வெட்டிவிட்டு முதல் தாளின் முதல் கோட்டில் போட்டேன். அடுத்தது அவள் போட்டாள். வயதான கீழ்வீட்டு அன்ரி, “எனக்கினி என்ன பயம், கொண்டா தம்பி பேனையை,” என்று மூன்றாவதைப் போட்டார். அன்று மூவரும் தேத்தண்ணீர் குடித்துச் சிரித்தது இன்றும் சந்தோஷமான நினைவு.

எம்.பி. அதைச் சபையில் வைக்க ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லையாம். கவனத்தில் எடுத்திருக்கிறோம் என்று பிறகு அரசாங்கத்திடமிருந்து பதில் வந்தது. மேசையில் கிடப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்பதால் பெரிதாக ஏமாறவில்லை.

சொல்லக் கூச்சம்தான், ஆனாலும் சொல்கிறேன். அதற்குப் பிறகு யாராவது கதவைத் தட்டினால் சட்டென்று திறக்கமாட்டேன். முதலில் கதவின் கண்ணாடித் துவாரத்தால் பார்ப்பேன். அடுத்த வருஷம் பனி உருகும் நாட்களில், ஒரு பின்னேரம் தட்டுகிற சத்தம் கேட்டது. பார்த்தால் கறுப்புக் கோட்டில் விறைத்துக்கொண்டு ஓர் ஆள், முன்பின் தெரியாத முகம். மூச்சுக் காட்டாமல் நின்றேன்.

“அண்ணை, திறவுங்கோ,” என்று அந்த ஆளுக்குப் பின்னாலிருந்து அவள் கூப்பிட்டாள். “என்ரை மனுசன் வந்திட்டார்.”