நாலாவது நட்டு

போன செவ்வாய்க்கிழமை பண்டசோழநல்லூர் பக்கம் போயிருந்தேன். என்ன வேலை என்று கேட்காதீர்கள். வேலை ஒன்றும் இல்லை. வீட்டில் உட்காரப் பிடிக்காதபோது காரை எடுத்துக்கொண்டு எங்கேயாவது போய்விட்டு வருவது, மனைவி இறந்த இந்த இரண்டு வருடத்தில் வந்த பழக்கம். மகன் அமெரிக்காவில். வில்லியனூர் வீட்டில் நானும் ஃபேனும்தான்.

கரும்புத் தோட்டத்தை ஒட்டி ஒரு வெள்ளை கார் நின்றிருந்தது. முன் சக்கரம் பஞ்சர். முப்பது வயதுப் பெண் ஒருத்தி வீல் ஸ்பேனரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். காரை ஜாக்கியில் தூக்கிவிட்டாள். நட்டைத் திருப்பினால் சக்கரமும் கூடவே சுற்றுகிறது.

பின் சீட்டில் அவளுடைய அம்மா. கண் ஆபரேஷன் முடிந்து ஒரு கண்ணில் பச்சைத் துணி. இத்தனை நாள் தன் வீட்டில் இருந்த அம்மாவை அபிஷேகப்பாக்கத்தில் அவருடைய வீட்டில் கொண்டுவிடப் போகிறாளாம்.

“நகரும்மா, நான் பாக்கறேன்” என்றேன்.

டயர் மாற்றுவது பெரிய வித்தை இல்லை. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை லேசாகத் தளர்த்திவிட வேண்டும். அப்புறம்தான் ஜாக்கி. ஸ்டெப்னியை மாட்டி, நட்டுகளைக் கையாலேயே முடுக்கி, ஸ்பேனரால் கொஞ்சம் இறுக்கி, காரை இறக்கிய பிறகுதான் முழு இறுக்கு. அதுவும் வரிசையாக இல்லை — ஒன்றை இறுக்கினால் அடுத்தது அதற்கு எதிரே இருப்பது. அப்போதுதான் சக்கரம் சமமாக உட்காரும். ஸ்பேனர் மேல் ஏறி மிதிக்கவும் கூடாது... போல்ட் கெட்டுவிடும்.

எல்லாம் முறைப்படிதான் செய்தேன். காரை இறக்கி, கடைசி இறுக்கு இறுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து சத்தம்.

“ரேவதி, தல சுத்துதுடி. தண்ணி குடு.”

அவர்கள் பாட்டில் காலி. என் காரிலிருந்து எடுத்துவர ஓடினேன். நான் திரும்புவதற்குள் ரேவதி ஜாக்கியையும் ஸ்பேனரையும் டிக்கியில் போட்டு மூடியிருந்தாள். அம்மா தண்ணீர் குடித்தார். “ரொம்ப தேங்க்ஸ் அங்கிள்!” — கார் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கை கழுவும்போதுதான் உறைத்தது. முதல் நட்டு இறுக்கினேன். எதிர் நட்டு இறுக்கினேன். மூன்றாவது... அப்போதுதானே அந்த அம்மா தண்ணீர் கேட்டார்? நாலாவதை இறுக்கினேனா?

ஞாபகம் இல்லை. மூன்றாவதையே முழுதாக இறுக்கினேனா என்பதும் சந்தேகமாகிவிட்டது. சக்கரம் ஆட ஆரம்பித்தால்? எதிரே பஸ் வந்தால்?

போன் நம்பர் வாங்கியிருக்கலாம். ஆனால் தனி ஆள், வழியில் பார்த்த பெண்ணிடம் நம்பர் கேட்டால் என்ன நினைப்பாள்?

இந்த மாதிரி நேரத்தில் மனிதனுக்குப் பெரிதாக எதுவும் வேண்டாம். “அதெல்லாம் ஒண்ணும் ஆவாது, வந்து சாப்பிடு” என்று சொல்ல ஓர் ஆள் போதும். அந்த ஆளுக்கும் எதுவும் தெரிந்திருக்காது. இருந்தாலும் நம்பிச் சாப்பிட உட்கார்ந்துவிடுவோம். மகனைக் கூப்பிடலாமா? அங்கே தூங்கிக்கொண்டிருப்பான். போனைக் கையில் வைத்துக்கொண்டு பேர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். இதைச் சொல்கிற அளவுக்கு நெருக்கமான பேர் ஒன்றும் வரவில்லை.

சோற்றை மூடி வைத்துவிட்டுக் காரைக் கிளப்பினேன்.

வழியெல்லாம் வயல்பக்கமே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். எங்கேயாவது நாலு பேர் கூடி நின்றால் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தேன். ஓர் இடத்தில் கூட்டமாக நின்றார்கள். நடவுக்கு வந்தவர்கள், நிழலில் சாப்பிட உட்காரப்போகிறார்கள்.

அபிஷேகப்பாக்கத்தில் டீக்கடையில் விசாரித்தேன். “வெள்ளை கார். ஒரு பொண்ணு ஓட்டிட்டு வந்திருக்கும். ஒரு சக்கரம் மட்டும் மூடி இல்லாம கருப்பா இருக்கும்...”

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “யாருங்க நீங்க? அந்தப் பொண்ணு உங்களுக்கு இன்னா வேணும்?”

“ஒண்ணும் வேணாங்க. நட்டு டைட் பண்ணணும்.”

எனக்கே அது நல்ல பதிலாகப் படவில்லை. பெஞ்சில் இருந்த இருவர் எழுந்து என்னோடு வந்தார்கள். வழி காட்டவா, காவலுக்கா... தெரியவில்லை.

கோயில் தெருவில் கார் நின்றிருந்தது. கருப்புச் சக்கரத்தோடு, முழுசாக. சுற்றி வந்து நாலு சக்கரத்தையும் ஒருமுறை பார்த்தேன்.

சத்தம் கேட்டு ரேவதி வெளியே வந்தாள். “அங்கிள்! நீங்க இன்னா இங்க?”

ஸ்பேனரை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். முதல் நட்டு அசையவில்லை. எதிர் நட்டும் அப்படியே. மூன்றாவது கொஞ்சம் அசைந்தது. நாலாவது — விரலாலேயே சுற்றியது. கழன்று விழாததுதான் குறை.

ரேவதியின் முகம் மாறிவிட்டது. “நாளைக்குக் காலைல அம்மாவ கூட்டிகினு பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போவணும் அங்கிள்...” என்றாள்.

இரண்டையும் இறுக்கினேன். “நாளைக்கு ஆஸ்பத்திரில நிறுத்தினதும் மறுபடி ஒருவாட்டி இறுக்கிப் பாத்துக்கம்மா. புதுசா மாட்டின சக்கரம் ஓட ஓட நட்டு கொஞ்சம் தளரும்.” நாலையும் ஒருமுறை அவளையே இறுக்கிப் பார்க்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்தேன்.

உள்ளேயிருந்து அம்மா கேட்டார்: “தண்ணி குடுத்த சார்தானே? சாப்ட்டாரான்னு கேளுடி.”

சாப்பிடவில்லை. கத்திரிக்காய்க் குழம்பு. அம்மாவும் மகளும் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள் — கண் மருந்து விட்டாயிற்றா, இல்லையா என்று. நான் நடுவில் உட்கார்ந்து இரண்டாம் தரம் சோறு வாங்கிக்கொண்டேன். பசி இல்லை. எழுந்துவிட்டால் கிளம்ப வேண்டுமே.

கிளம்பும்போது ரேவதியே நம்பர் கேட்டு வாங்கினாள். “வூட்டுக்குப் போயிட்டு ஒரு போன் பண்ணுங்க அங்கிள்.”

வந்து, கதவைத் திறந்து, ஃபேனைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டேன். “வந்துட்டேம்மா.”

“சரிங்க அங்கிள்.” அப்புறம் உள்ளே திரும்பிக் கத்துவது கேட்டது: “யம்மா, அந்த சார் வூட்டுக்குப் போயிட்டாராம்!”

போனை வைத்துவிட்டாள். நான் வீடு வந்து சேர்ந்தது, ரொம்ப நாளைக்குப் பிறகு, ஒரு வீட்டில் செய்தி!