மூணாவது பார்ட்டி வரைக்கும்

முருகையனைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. அவனுக்கும் என்னைக் கண்டால் ஆகாது. வாயைத் திறந்தால் சண்டை, மூடினால் முறைப்பு. அப்படிப்பட்ட ஆளிடம்தான் நான் வருடா வருடம் கையெழுத்து வாங்கினேன்.

என் பெயர் ராமதாஸ், இன்சூரன்ஸ் ஏஜென்ட். திருவண்ணாமலை தனி மாவட்டமாகி, வேங்கிக்காலில் ஆர்.டி.ஓ. மாதிரி ஆபீசுகள் வந்த பிறகு, அங்கே ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தேன். வண்டி வாங்கியவன், விற்றவன், பேர் மாற்ற வந்தவன் எல்லாரும் என்னைத் தாண்டித்தான் போகவேண்டும்.

முருகையன் அடி அண்ணாமலைக்காரன். ஒரு ஏக்கர் கிணற்று நிலம், அதில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுவான். பௌர்ணமி கிரிவலத்துக்கு வருகிற கூட்டம் வருடத்துக்கு வருடம் ஜாஸ்தியாவதைப் பார்த்து ஆசை வந்து, தொண்ணூற்று மூன்றில் இரண்டு கறவை மாட்டை விற்று ஒரு பழைய அம்பாசிடர் வாங்கினான். சொந்த உபயோகத்துக்கு என்று பதிவான கார் அது. வாடகைக்கு ஓட்ட வேண்டுமென்றால் டாக்ஸி பர்மிட் எடு என்று சொன்னவர்களை எல்லாம் ஏசினான். "பர்மிட்டுக்கு எவன் காலுல வுழணும்? என் வண்டி, நான் ஓட்றேன்" என்பான். திமிர் என்றால் அப்படி ஒரு திமிர்.

அவன் முதல் முறை என் மேசைக்கு வந்தபோது மதியம் ஒரு மணி. எனக்குப் பசி. அவனுக்குப் பின்னால் நாலு பேர் நின்றிருந்தார்கள்.

"தேர்ட் பார்ட்டி போதுமா, ஃபுல் இன்சூரன்ஸா?" என்றேன்.

"தேர்ட் பார்ட்டின்னா?"

"மூணாவது பார்ட்டி."

"அது தெரியாதா எனக்கு? நான் இன்னா கைநாட்டா?" என்று எகிறினான். பிறகு கொஞ்சம் யோசித்து, "மூணாவது பார்ட்டி வரைக்கும் கவர் ஆவும் இல்ல?" என்று கேட்டான்.

"ஆவும்யா, ஆவும். கையெழுத்தப் போடு."

அவன் என்ன கேட்டான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. கார் ஸ்டாண்டில் பார்ட்டி என்றால் வாடகைக்கு வருகிறவர்கள். மெட்ராஸ் பார்ட்டி, பாண்டிச்சேரி பார்ட்டி, கல்யாண பார்ட்டி. ஒரு நாளைக்கு மூன்று பார்ட்டி வரைக்கும் ஏற்றலாம், அதுவரை இன்சூரன்ஸ் உண்டு என்று அவன் புரிந்துகொண்டான்.

இது எனக்குத் தெரியவந்தது அடுத்த சித்ரா பௌர்ணமி அன்று. பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் கும்பலோடு கும்பலாக நான் நிற்கிறேன். பாண்டிச்சேரியிலிருந்து வந்த ஒரு குடும்பம் அவன் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டது. முருகையன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு கத்துகிறான்.

"எறங்குங்க. நீங்க நாலாவது பார்ட்டி. உங்களுக்கு இன்சூரன்ஸ் கெடையாது."

கைக்குழந்தையோடு இருந்த பெண் கெஞ்சினாள். அவன் அசையவில்லை. மற்ற டிரைவர்கள் ராப்பகலாக ஓட்டிய நாளில், இந்த மனிதன் மூன்று நடை முடித்துவிட்டு வீட்டுக்குப் போனான். அதற்காக அவன் பெண்டாட்டி கஸ்தூரி அவனோடு போட்ட சண்டை தெருவுக்கே கேட்டதாம்.

அன்றைக்கே அவனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். ஐந்து நிமிட வேலை. நான் டீக்கடைக்குப் போய் அதைக் கதையாகச் சொல்லிச் சிரித்தேன். மறுநாளிலிருந்து ஸ்டாண்டு முழுக்க அவனுக்கு 'மூணு பார்ட்டி' என்று பேர். ஒழுங்காகத் தொழில் பண்ணுகிற தன்னைப் பார்த்துப் பொறாமை என்று நினைத்துக்கொண்டு, அப்படிக் கூப்பிட்ட தசரதன் என்ற டிரைவரை முருகையன் கன்னத்தில் அறைந்துவிட்டான்.

ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வருவான். "ஏன்யா, நாலாவது பார்ட்டிக்கு ஒண்ணும் கெடையாதா?" என்று கேட்பான்.

"அது இன்னும் வரலய்யா. வந்தா உனக்குத்தான் மொதல்ல சொல்வேன்" என்பேன், முகத்தில் சிரிப்பைக் காட்டாமல். அவன் போனதும் ஜெராக்ஸ் கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொள்வார். என்னை அடிக்க வருகிற மாதிரியே பேசுகிறவனை இப்படியாவது ஆட்டிவைக்கிறேன் என்று எனக்கு ஒரு திருப்தி.

தொண்ணூற்றெட்டு வைகாசியில் கீழ்பென்னாத்தூருக்கு ஒரு காதுகுத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போனான். வழியில் டயர் வெடித்து, கார் புளியமரத்தில் போய் மோதியது. யாரும் சாகவில்லை. ஆனால் உண்ணாமலை என்ற பெண்ணுக்கு இடுப்பெலும்பு முறிந்துபோனது. நடவு நட்டுப் பிழைத்தவள் இனி குனியவே முடியாது என்றார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என்னிடம் வந்தான் முருகையன். சட்டையில் ரத்தம். ஆனால் என் மேசை முன்னால் அவனை அவ்வளவு நிதானமாக நான் பார்த்ததே இல்லை.

"ரெண்டாவது பார்ட்டிதான்யா. காயிதத்த எடு. அந்தம்மாவுக்கு ஆவுற செலவெல்லாம் கம்பெனிகிட்ட வாங்கிக் குடு."

எனக்கு வந்த கோபம் அவன்மேல் வந்தது என்றுதான் அன்று நினைத்தேன். எழுந்து நின்று கத்தினேன்.

"யோவ், மூணாவது பார்ட்டின்னா நீ ஏத்தற ஆளு இல்லய்யா! நீ ஒரு பார்ட்டி. கம்பெனி ஒரு பார்ட்டி. ரோட்டுல போறவன்தான் மூணாவது. அவனுக்கு அடிபட்டா, அவன் பொருளு ஒடஞ்சா கம்பெனி குடுக்கும். உன் காருக்கும் வேணும்னா ஃபுல் இன்சூரன்ஸ். உள்ள ஒக்கார்றவங்களுக்குத் தனியா கட்டணும். வாடகைக்கு ஓட்டினா பர்மிட், அதுக்குப் பாலிசியே வேற!"

"அப்ப அந்தம்மா?"

"உன் பாலிசியில இல்ல."

"பின்ன இதுல யாருதான் மூணாவது பார்ட்டி?"

"நீ மோதின பாரு, அந்தப் புளியமரம். அதுக்கு வேணா ஏதாச்சும் கெடைக்கும்."

முதல் முறையாக என்னைத் திட்டாமல் போனான்.

உண்ணாமலை வழக்குப் போட்டாள். கம்பெனி கைவிட்டால் நஷ்டஈடு முருகையன் தலையில்தான் விழும், அந்தக் கிணற்று நிலம் போகும். அவனுடைய வக்கீல் ராமகிருஷ்ணன் ஒரே ஒரு விஷயம் சொல்லிக் கொடுத்திருந்தார். "சொந்தக்காரங்க, சும்மாதான் ஏத்திக்கினு போனேன்னு சொல்லு. வாடகைன்னு சொன்னா கம்பெனி கழண்டுக்கும்; இல்லன்னா வாதாடிப் பாக்கலாம், மிச்சத்த நான் பாத்துக்கறேன்." நானும் கோர்ட்டுக்குப் போனேன். அவன்மேல் அக்கறைப்பட்டு இல்லை. கூண்டில் ஏறி என் பேரைச் சொன்னால் என் ஏஜென்சி போய்விடும் என்ற பயம். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

கம்பெனி வக்கீல் கேட்டார்: "அன்னிக்கு வந்தவங்க வாடகைக்கு வந்தவங்களா?"

எதிரே உண்ணாமலை கைத்தடியைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முருகையன் அவளைப் பார்த்தான்.

"வாடகைக்குத்தாங்க. அன்னிக்கு ரெண்டாவது பார்ட்டி."

ராமகிருஷ்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். ஜட்ஜ் நிமிர்ந்து, அதென்ன ரெண்டாவது பார்ட்டி என்று கேட்டார். முருகையன் மறைக்காமல் சொன்னான். மூணாவது பார்ட்டி வரைக்கும் இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நினைத்ததை, நாலாவது பார்ட்டியை ஐந்து வருடமாக ஏற்றாததை. கோர்ட்டே சிரித்தது. அதே சிரிப்பை டீக்கடையில் முதலில் சிரித்தவன் நான். அன்றைக்கு எனக்கு அது வரவில்லை.

"அப்படின்னு யார் சொன்னது உனக்கு?" என்றார் ஜட்ஜ்.

முருகையன் கண்கள் வரிசை வரிசையாகத் தேடி என்னிடம் வந்து நின்றன.

"எவனும் சொல்லலீங்க. நானா நெனச்சிக்கினேன்."

கம்பெனி தப்பித்தது. நானும் தப்பித்தேன். அந்த வருடமே முருகையன் கிணற்று நிலத்தை விற்று உண்ணாமலைக்குக் கொடுத்தான். இப்போது யாரோ ஒரு முதலாளியின் டாக்ஸியை ஓட்டுகிறான். பர்மிட் உள்ள டாக்ஸி.

இன்றைக்கு என் மேசைக்கு யார் வந்தாலும் முதலில் பார்ட்டி என்றால் யார் என்று கேட்கிறேன். தெரியும் என்பவனையும் விடுவதில்லை, உட்காரவைத்துச் சொல்கிறேன். கிறுக்குப் பிடித்துவிட்டது என்கிறார் ஜெராக்ஸ் கடைக்காரர்.

போன மாதம் முருகையன் தன் முதலாளியின் வண்டிப் பேப்பரை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனான். வழியை மறித்துக் கேட்டே விட்டேன்.

"ஏன்யா அன்னிக்கி என் பேரச் சொல்லல?"

என்னை மேலும் கீழும் பார்த்தான். பழைய முறைப்பு அப்படியே இருந்தது.

"சொல்லியிருந்தா, உன்னப் போயி நம்பினேன்னு ஊருக்கே தெரிஞ்சிருக்குமே" என்றான். பேப்பரை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, என்னைச் சுற்றிக்கொண்டு போனான்.