ஆணியில் தொங்கிய சென்ற வருஷம்

பின்கட்டு வீடு காலியாக இருக்கிறதா என்று நான் தொலைபேசியில் கேட்டபோது வீட்டுக்கார மாமி அவசரப்படவில்லை. "இருங்கோ, காலண்டரைப் பாத்துட்டு வரேன்" என்று ரிசீவரைக் கீழே வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து, "அந்த வாரம் முழுக்க ஒண்ணும் எழுதலை. தாராளமா வாங்கோ" என்றார். இன்னொரு தடவை பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். அலுத்துக்கொள்ளாமல் மறுபடியும் போய்ப் பார்த்தார். அதே பதில்தான். அன்றிரவு டைரியில் 'வீடு உறுதி' என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தசரா சமயம் அது. அந்த நாட்களில் மைசூரில் படுக்க ஒரு பாய் விரிக்கும் இடம் கிடைப்பதே பெரிய காரியம். லாட்ஜுகள் முன்கூட்டியே நிரம்பிவிடும். லக்ஷ்மிபுரத்து மாமியைப் போலச் சிலர் பின்கட்டை அடுப்பு, பாத்திரம், படுக்கையோடு நாள் வாடகைக்கு விடுவார்கள். ஊர்வலம் பார்க்க வருகிறவர்கள் கோடையிலேயே எழுதிப் போட்டுப் பிடித்துவைப்பார்கள்.

எனக்கு இடம் தேவைப்பட்டது ஊர்வலத்துக்காக அல்ல. கொள்ளேகாலத்தில் இருக்கும் என் அக்காவின் மகளுக்கு மைசூர் ஆஸ்பத்திரி ஒன்றில் சிசேரியன் ஆகிப் பெண் குழந்தை பிறந்திருந்தது. தையல் ஆறும்வரை பஸ்ஸில் ஏற்றக்கூடாது, குழந்தையின் உடம்பில் மஞ்சள் தெரிகிறது, அதனால் பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் வீட்டில் வைத்துக்கொள்வதாகத்தான் ஏற்பாடு. அதற்குள் என் இளைய மகனுக்கு அம்மை போட்டுவிட்டது. வாசலில் வேப்பிலை செருகியிருக்கிற வீட்டுக்குள் பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத குழந்தையை எப்படி அழைத்துப் போவது? எனக்குச் சிறு வயதிலேயே அம்மை வந்து போயிருந்ததால் வெளிவேலைகளை நானே பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் காலையிலேயே கட்டிலைக் காலி செய்யச் சொன்னார்கள். சீட்டுகள், மருந்து எல்லாம் முடித்து நாங்கள் ஆட்டோவில் லக்ஷ்மிபுரம் வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. அக்கா மடியில் குழந்தை. பக்கத்தில் அக்கா மகள் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு குழிக்கும் கண்ணை மூடினாள். நான் டிரைவர் பக்கத்தில் பாதி தொங்கிக்கொண்டு வந்தேன்.

கேட்டைத் திறந்து பின்பக்கம் போனேன். பின்கட்டின் கொடியில் யாருடைய துணிகளோ காய்ந்துகொண்டிருந்தன. உள்ளே குக்கர் விசில் அடித்தது. தோளில் துண்டோடு ஒருவர் வெளியே வந்து, "யாருங்க வேணும்?" என்றார். நல்ல தமிழ். இடுப்பில் ஒரு பெண் குழந்தை.

"இந்த வீடு எங்களுக்குச் சொல்லியிருக்கு" என்றேன்.

"எங்களுக்கும் சொல்லித்தாங்க இருக்கு. காலையில சாவி குடுத்தாங்க. சேலத்துலேருந்து வரோம்."

இரண்டு தடவை கேட்டேனே, இரண்டு தடவையும் பார்த்துத்தானே சொன்னார் என்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் ஓடவில்லை.

அவர் கேட் பக்கம் எட்டிப் பார்த்து ஆட்டோவில் இருந்தவர்களைக் கவனித்தார். முகம் மாறியது. "அடடா, பிள்ளை பெத்தவங்களா? ஒரு ரூமை நாங்க ஒழிச்சுத் தரோங்க. ஆமா, நீங்க உள்ளூரா? வீடு இல்லையா?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது. "வீட்டில் பையனுக்கு அம்மை" என்றேன். அவர் குழந்தையின் தலையைத் தன் கழுத்தோடு அழுத்திக்கொண்டு உள்ளே போனார். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மாமி முன்வாசலில் நின்றிருந்தார். "காலையிலேர்ந்து உங்க பக்கத்தாத்துக்கு போன் போட்டுண்டே இருக்கேன். நீங்க ஆஸ்பத்திரில இருக்கறதா சொன்னா. ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன் பாருங்கோ!"

கதவுக்கு நேரே கூடத்துச் சுவரில் ஒரே ஆணியில் நாலைந்து காலண்டர்கள் தொங்கின. மேலே ஒரு மகாலக்ஷ்மி. மாமி அவளைத் தூக்கிக் காட்டினார். அடியில் வெங்கடாசலபதி. அதுதான் இந்த வருஷத்துக் காலண்டர். எங்களுக்கு வேண்டிய வாரம் முழுக்கப் பென்சிலில் 'சேலம்' என்று எழுதியிருந்தது. மேலே இருந்த மகாலக்ஷ்மி போன வருஷத்தவள். போன வருஷம் தசரா அந்த மாதத் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டதால் இந்த வாரத்துக் கட்டங்கள் வெறுமையாக இருந்தன.

"சாமி படம், தூக்கிப் போட மனசு வருமா? கொலுவுக்குச் சுண்ணாம்பு அடிக்கறச்சே எல்லாத்தையும் எறக்கினேன். திரும்ப மாட்டறச்சே எது மேல, எது கீழன்னு பாக்கலை. மாசம் மட்டும் சரியாத் திருப்பி வெச்சிருக்கேன்."

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. என் வீட்டிலும் அதே மாதிரி ஒரே ஆணிதான்.

கேட்டில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்து, இறங்குகிறோமா இல்லையா என்று கன்னடத்தில் அவசரப்படுத்தினார். "சார், இளீத்தீரோ இல்வோ? பேகா ஹேளி!" அக்கா குழந்தையோடு இறங்கி வந்துவிட்டாள்.

"கைக்கொழந்தைய வெச்சுக்கிட்டு எங்க தம்பி போறது? கொள்ளேகாலத்துக்கே போயர்லாம்."

"பஸ்ஸில் ஏற்றக்கூடாது என்று டாக்டர் சொன்னாரே, அக்கா."

"அப்பறம் ரோட்டுலயா படுக்க வெக்கோணும்?"

மாமி, "உள்ள வாங்கோ, முதல்ல உள்ள வாங்கோ" என்றார். அக்கா நகரவில்லை. வாசலிலிருந்தே கூடத்தில் இருந்த கொலுப்படிகள் தெரிந்தன. வெள்ளைத் துணி விரித்து, மேல்படி வரை பொம்மைகள். சரஸ்வதி பூஜைகூட இன்னும் வரவில்லை.

"நாங்க தீட்டுங்க" என்றாள் அக்கா. "பெத்தவ இன்னும் தலைக்கு ஊத்தலை. கொலு வெச்ச ஊட்டுல நான் காலெடுத்து வெக்கமாட்டேன். அந்தப் பாவம் எங்களுக்கு வேண்டாம்."

மேல்கோட்டையிலிருந்து வந்த ஆசாரமான குடும்பம் மாமியுடையது. பால்காரர்கூடப் படியில்தான் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போவார். அக்கா சொன்னதில் அவருக்கு மறுப்பு இருக்க முடியாது என்றுதான் நினைத்தேன். அவர் உள்ளே திரும்பிப் போனபோது, அவ்வளவுதான், முடிந்தது என்று ஆட்டோக்காரரிடம் பேசப் போனேன்.

அக்காதான் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அங்க பாரு."

மாமி ஒரு ஸ்டூலில் ஏறி நின்றிருந்தார். மேல்படியில் இருந்த மரப்பாச்சி ராஜாவையும் ராணியையும் எடுத்தார். அவருடைய கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டார் கொடுத்தவை அவை. கண்ணில் ஒற்றிக்கொண்டு, இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் படுக்கவைத்தார். விஜயதசமி ராத்திரி கொலு முடிந்ததற்கு அடையாளமாகச் செய்வது அது. நடு நவராத்திரியில் ஒரு மத்தியான வேளையில் யாரும் அதைச் செய்து நான் பார்த்ததில்லை. பிறகு ஸ்டூலிலிருந்து இறங்கி, ஒரு பெரிய போர்வையால் படிகள் முழுவதையும் மூடினார். பூஜை அறைக் கதவைச் சாத்திப் பூட்டினார். வாசலுக்கு வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"கொலு முடிஞ்சுடுத்து. இப்போ வாங்கோ."

"ஐயோ, என்னங்கம்மா இது... எங்களுக்காகவா..." என்று அக்கா குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

"பாவத்தை நான் பாத்துக்கறேன். நீங்க வெந்நீர் வையுங்கோ. அந்தப் பொண்ணு எவ்வளவு நாழி ஆட்டோல உக்காந்திருப்பா?"

"என் பையனுக்கு அம்மை. உங்களுக்கு முன்பே வந்து போயிருக்கிறதா மாமி?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"வந்தாச்சு, வந்தாச்சு. நீங்க போய் மூட்டையை எடுத்துண்டு வாங்கோ."

மூடிய படிகளுக்கு முன்னால் பாய் விரித்து, அக்கா மகளைப் படுக்கவைத்தோம். அவள் உடனே தூங்கிப்போனாள்.

சாயங்காலம் வெற்றிலை பாக்குக்கு அழைத்திருந்த பெண்கள் பட்டுப்புடவையில் வரத் தொடங்கினார்கள். மாமி கேட்டிலேயே நின்றார். ஒவ்வொருவருக்கும் குங்குமம் கொடுத்து, அங்கேயே வெற்றிலை பாக்கைக் கையில் வைத்து அனுப்பினார். பின்கட்டுச் சேலத்துக்காரர் ஜன்னலைப் பாதி திறந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர் வீட்டு அம்மாள் மட்டும் நகரவில்லை. "என்ன மாமி, உள்ளே விடமாட்டேங்கறேள்? பாட்டுப் பாட சுருதிப்பெட்டி எல்லாம் கொண்டுவந்திருக்கேனே!"

"இந்த வருஷம் எங்காத்துல கொலு முடிஞ்சுடுத்து."

"இன்னும் சரஸ்வதி பூஜையே வரலையே! அதுக்குள்ளே எப்படி முடியும்?" அந்த அம்மாள் குரலை உயர்த்தினார்.

மாமி வாயில் விரலை வைத்தார்.

"மெதுவாப் பேசுங்கோ. கொழந்தை தூங்கறது."