கதிர்க்குருவியின் வீடு

ஊசுடு ஏரியோரப் புல்வெளியில், புதுப்புல் முளைக்கட்டும் என்று வனத்துறையினர் ஒரு பாதியைத் திட்டமிட்டு எரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த உயரப் புல்லில்தான் கதிர்க்குருவிகள் கூடு கட்டும். பதறிப்போய், "வீடு எரிகிறது" என்று தீயணைப்பு நிலையத்துக்குப் பொய் சொன்னேன். படித்த கிழவன் செய்கிற காரியமா அது?

வண்டியிலிருந்து இறங்கிய அதிகாரிக்கு நல்ல தொந்தி. பேசுமுன் ஒவ்வொரு தடவையும் மீசையை நீவிக்கொண்டார்.

"எந்த வீடுங்க ஐயா?"

"கதிர்க்குருவி வீடு."

மறுபடி மீசையை நீவினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ எரியாத பாதியைக் காட்டினார். குருவிகள் அங்கே கத்திக்கொண்டிருந்தன.

"அவங்க அந்தாண்ட குடி போயிட்டாங்க. இங்க பந்தி நடக்குது, பாருங்க."

நெருப்புக்குத் தப்பிய வெட்டுக்கிளிகளைக் கரிச்சான்கள் பாய்ந்து பாய்ந்து தின்றன.

"நீங்க வெட்டுக்கிளி கட்சியா, கரிச்சான் கட்சியா? சொன்னா அணைச்சிடறேன்."

நான் வெட்டுக்கிளிகளையும் கரிச்சான்களையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"நாங்க இங்க நிக்கிற நேரத்துல நெசமா ஒரு வீடு எரிஞ்சா?" என்று கேட்டுவிட்டு வண்டியேறினார். இதற்கு மட்டும் அவர் மீசையைத் தொடவில்லை.

மழைக்குப் பின் கருகிய பாதியில் இளம்புல் முளைத்தது. அங்கே நான் அதுவரை பார்த்திராத வானம்பாடிகள் வந்திறங்கின. அவரிடம் சொல்ல ஆசை. ஆனால் எனக்குத் தெரிந்தது அந்த நிலையத்தின் எண் மட்டும்தான். அதை அழைக்க விரல் கூசுகிறது.