எந்த நிலை என்று என்னிடமே சொல்லுங்கள்

நெல் தூற்றும்போது இருமல் தொடங்கியது. தூசு என்று விட்டுவிட்டேன். மானாம்பதியில் அறுப்புக் காலத்தில் இருமாதவர் யார்? ஆனால் அடுத்த போகத்துக்கு நாற்று விட்ட பிறகும் அது நிற்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது.

உத்திரமேரூரில் சளியைச் சோதித்தார்கள். காசநோய் இல்லை. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி வெள்ளையாகத் தெரிந்ததால் காஞ்சிபுரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே நுரையீரலைச் சுற்றித் தேங்கியிருந்த நீரை ஊசியால் எடுத்தார்கள். பயாப்ஸியும் (கட்டியில் சிறு துணுக்கெடுத்துச் சோதிப்பது) செய்தார்கள்.

முடிவு வந்த அன்று என்னை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு என் கணவர் மட்டும் உள்ளே போனார்.

"இன்னா சொன்னாங்க?"

"கட்டி கீதாம். மாத்திரை குடுப்பாங்க. நீ ஒண்ணும் பேஜாராவாத."

சொல்லிவிட்டு, சட்டைப்பையிலிருந்த பீடிக்கட்டை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்து நானே உள்ளே போனேன்.

"டாக்டரம்மா, நோவு எனக்குத்தான் வந்துகீது. எந்த நிலைன்னு என்கிட்டயே சொல்லுங்க."

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். "நுரையீரல் புற்றுநோய்ம்மா. நாலாவது நிலை. சுத்தி இருக்கற தண்ணியிலயும் பரவியிருக்கு."

"அப்ப எத்தினி நாளு இருப்பேன்?"

"நிலைங்கறது நோய் எதுவரைக்கும் பரவியிருக்குன்னு சொல்லும். அதை மட்டும் வச்சு ஆயுசைச் சொல்ல முடியாது. இன்னொரு டெஸ்ட் பாக்கி இருக்கு."

அது மரபணுச் சோதனை (கட்டியின் செல்களில் என்ன மாற்றம் நேர்ந்திருக்கிறது என்று பார்ப்பது). புகைக்காதவர்களிடம் அதிகம் காணப்படும் ஒரு மாற்றம் என் கட்டியில் இருந்தது. அதற்கென்றே மாத்திரையும் இருந்தது. தினமும் ஒன்று.

"என் பீடிதான் உன்ன இப்டிப் பண்ணிச்சி" என்று வீட்டில் அழுதார் கணவர். எதனால் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார்.

"நீ அழுதுகினு இருந்தா மடைய யாரு திருப்பறது? போய்யா" என்றேன்.

மாத்திரை சும்மா விடவில்லை. முகமெல்லாம் பரு. வயிற்றுப்போக்கு. நகக்கண்கள் வெடித்து, சேற்றில் கால் வைக்க முடியவில்லை. உங்களுக்கும் இப்படி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்; நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். எனக்குக் களிம்பு கொடுத்தார்கள், ஆறியது.

அடுத்த ஸ்கேன் அன்று டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். "பாருங்க. பாதிக்கு மேல சுருங்கிடுச்சு. தண்ணியே இல்ல."

"முழுசாப் பூடுச்சா?"

"அப்படிச் சொல்ல மாட்டேன். அடங்கியிருக்கு."

அடங்கியிருந்தால் போதும் என்றேன். கணவர் நர்சுகளுக்கு நடுவே வாய்விட்டு அழுதார்.

அன்று உத்திரமேரூரில் இறங்கியபோது எங்கள் ஊர் பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. யோசிக்கவே இல்லை, ஓடினேன். ஏறிக் கம்பியைப் பிடித்த பிறகுதான் ஓடியது நான் என்று உறைத்தது.

"ஏம்மே, நில்லு!" கணவர் பின்னால் தொங்கோட்டமாக வந்தார்.

"கொஞ்சம் நிறுத்துப்பா, என் வூட்டுக்காரரு வர்றாரு" என்று கண்டக்டரிடம் சொன்னேன்.

உட்கார்ந்தும் மூச்சு வாங்கியது. பயத்தில் விலாவைத் தொட்டேன். வலி இல்லை. ஓடினால் யாருக்கும் வாங்குகிற மூச்சு அது. ஏரிக்கரையைத் தாண்டுவதற்குள் தானே தணிந்தது.

இப்போது என் காலம் ஒரு ஸ்கேனிலிருந்து அடுத்த ஸ்கேன் வரைக்கும்தான். மூன்று, நான்கு மாதம். நெல் விளையவும் அவ்வளவுதான் ஆகிறது.